துபாயில் வீட்டுக்காரர், சேலையூரில் ஒழுகும் தளம்

“தளம் ஒழுகுது சார், எண்பதாயிரம் ஆகும்.” வாட்ஸ்அப்பில் ஒரு படத்தோடு இப்படிச் செய்தி வரும். துபாயில் இருப்பவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார், ஒன்றும் புரியாது, பணத்தை அனுப்பிவிடுவார். சென்னைப் புறநகரில் சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களிடம் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: மேனேஜர் போட்டுவிட்டால் ரிப்பேரில் ஏமாற வழியில்லை.

உண்மை: அவருக்கு எதிலிருந்து வருமானம் என்று முதலில் கேளுங்கள். வாடகையில் சதவீதம் வாங்குபவருக்கு உங்கள் ரிப்பேர் செலவு ஏறினால் லாபமில்லை. ரிப்பேர் பில்லில் சதவீதம் வாங்குபவருக்கோ பில் பெருத்தால் கொண்டாட்டம்.

நல்ல மேனேஜர் பேரம் பேசுவதற்கு முன் பழுது எங்கே என்று பார்ப்பார். போர் மோட்டார் ஓடவில்லையா? “காயில் போச்சு, மேலே தூக்கணும்” என்பார்கள். தூக்கக் கூலி தனி, காயில் கட்டக் கூலி தனி. பல நேரம் போயிருப்பது தரைக்கு மேலே, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய்ச் சமாசாரம். அதை மாற்றிப் பார்க்காமல் குழாயில் கை வைக்க விடாதவரே உங்கள் ஆள். தளமும் அப்படித்தான். சித்திரை வெயிலிலும் சொட்டுகிறது என்றால் மேலே இருக்கும் குளியலறைக் குழாயையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் அடித்தால் எண்பதாயிரமும் போகும், சொட்டும் நிற்காது.

நம்பிக்கை: எது உடைந்தாலும் வீட்டுக்காரர் செலவு.

உண்மை: 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் இதைப் பட்டியல் போட்டே பிரித்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பாடு. டேப், வாஷர், சுவிட்ச், கீசர், வாஷ்பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. கீசர் பில்லைக் கேள்வி கேட்காமல் உங்களுக்கு அனுப்பும் மேனேஜர் இந்தப் பட்டியலைப் படித்ததில்லை.

நம்பிக்கை: தெரிந்த பையன்தான், எழுத்தெல்லாம் எதற்கு?

உண்மை: அதே சட்டம் சொத்து மேலாளருக்கும் கடமை வகுத்திருக்கிறது. உரிமையாளர் சொன்னதற்கு மாறாக நடந்தால் வாடகை நீதிமன்றம் அவரை நீக்கலாம், நட்டத்துக்கு ஈடு கட்டவும் சொல்லலாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்குக் கடிதம் வேண்டாமா? ‘ஐயாயிரத்துக்கு மேல் என்றால் இரண்டு கொட்டேஷன், என் சம்மதம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

நம்பிக்கை: பில் பெரிதானால் என்ன, வரியில் கழியும்.

உண்மை: கழியாது. வாடகை வருமானத்தில், சொத்து வரி போக மீதிக்கு 30 சதவீதம் நிலையான கழிவு. ஒரு ரூபாய் செலவழித்தாலும் லட்சம் செலவழித்தாலும் அதே 30தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மழைநீர்க் குழாய் வாயில் கிடக்கும் இலைகளை அள்ளிவிட்டுப் படம் அனுப்பும்படி மேனேஜரிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சுவரில் ஏறிய கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா?