கோதுமை ஒவ்வாமையும் குருதிப் பரிசோதனையும்

பல பொருள் குறித்த ஒரு சொல்லுக்கு, அதனைச் சார்ந்து வரும் சொற்களை நோக்கிப் பொருள் துணிவது தமிழ் மரபு. "கோதுமை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பதும் அத்தகையதொரு கூற்றே. அதன்கண் வெவ்வேறு நோய்கள் மறைந்து நிற்கின்றன. அவற்றைப் பகுத்தறிய வைத்தியர்க்குத் துணையாவன குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள்.

பிறபொருளெதிரியாவது, தனக்கு அயலானதென உடல் கருதும் பொருளைப் பற்றுதற்கு அவ்வுடலே ஆக்கும் புரதம். அவற்றுள் ஒவ்வாமைக்குரிய ஐ.ஜீ.ஈ என்னும் வகையை, அமெரிக்காவில் ஆய்வு நடாத்திய யப்பானியரான இஷிசாகா தம்பதியர் 1966 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

முதலாவது, உடன் தோன்றும் ஒவ்வாமை. பாண் முதலியவற்றை உண்ட சில நிமிடங்களுக்குள், அல்லது இரண்டொரு மணி நேரத்துள், தோற்றடிப்பும் வாந்தியும் மூச்சுத்திணறலும் உண்டாகும். கோதுமைக்கெதிரான ஐ.ஜீ.ஈ குருதியிற் காணப்படும். சிலருக்கு, உண்டபின் ஓடியாடினால் மட்டுமே இத்துன்பம் நேரும். அஃது உயிருக்கு இறுதி விளைத்தலுங் கூடும். இவருட் பெரும்பாலாரிடம் ஒமேகா-5 கிளையடின் என்னும் கோதுமைப் புரதத்துக்கெதிரான ஐ.ஜீ.ஈ உண்டு. விளையாட்டில் ஈடுபடும் மாணவர் இதனை மனங்கொள்க.

இரண்டாவது, பாண் போறணைகளில் மாத்தூசியைச் சுவாசிப்போர்க்கு வரும் ஆஸ்துமா. இங்கும் ஐ.ஜீ.ஈ உண்டெனினும், இவருட் பலர் பாணை இடரின்றி உண்பர்.

மூன்றாவது, சீலியாக் நோய். உண்மையில் இஃது ஒவ்வாமையன்று. கோதுமையிலுள்ள குளுட்டன் தூண்ட, உடல் தன் சிறுகுடலையே தாக்கும் நோய். கோதுமையை நீக்கிய உணவால் இந்நோய்ச் சிறுவர் தேறுதலை ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ 1950 ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் நிறுவினார். திரான்சுகுளுட்டமினேசு என்னும் உடலின் சொந்த நொதியமே இந்நோயில் தாக்கப்படும் பொருளென 1997 ஆம் ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளர் காட்டினர். ஆகவே, அந்நொதியத்துக்கெதிரான ஐ.ஜீ.ஏ வகையை இங்கு தேடுவர். இயல்பிலேயே ஐ.ஜீ.ஏ குறைந்தவரிடத்து இப்பரிசோதனை பொய்க்குமாதலின், அதன் மொத்த அளவையும் உடன் பார்ப்பர்.

இனி, மறவாது கொள்ளத்தக்கவை இரண்டு. ஐ.ஜீ.ஈ காணப்படுவதொன்றே நோய்க்குச் சான்றாகாது. புல்லின் மகரந்தத்துக்கு ஒவ்வாமையுடையோர் குருதியும், கோதுமை புல்லினத்தைச் சேர்ந்ததாகையால், அவ்வாறே காட்டக்கூடும். எனவே நோயாளியின் வரலாறும் உடன் ஆராயப்படல் வேண்டும். மற்றையது, சீலியாக் நோயென ஐயுற்றவர் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையைக் கைவிடின், பிறபொருளெதிரிகள் படிப்படியாகக் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்றே விடை வரும். பின்னர் உண்மையறிய, துன்பந்தந்த உணவையே மீண்டும் பல வாரம் உண்ண நேரும்.

ஆதலால், சீலியாக் நோயென ஐயுற்றோர் முதலிற் குருதியைச் சோதிப்பித்து, அதன்பின்னரே உணவை மாற்றுக. உண்டவுடன் மூச்சுத் தடைப்பட்டவரோ, கோதுமையை அன்றே விலக்கி வைத்தியரை நாடுக. ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்கு இடராதல் இதனாற் புலனாம்.