மழை என்றால் மழைதானா?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தோழியின் பாட்டுக்கு நீ எடுத்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மழை என்று அவள் பாடினால் திரையில் மழை, கண்ணீர் என்றால் கண்ணீர். காது கேட்டதையே கண்ணுக்கும் ஊட்டியிருக்கிறாய். அதே பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டபோது எனக்குள் பெய்த மழை இதைவிடப் பெரியது.

இன்று ஒரு வேலை செய். ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ பாட்டை முதலில் காதால் மட்டும் கேள். அதை எழுதியவர் டிரென்ட் ரெஸ்னர். தன்னையே வதைத்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் புலம்பலாக 1994இல் வந்தது. கேஷின் பதிவு 2002இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 70. கேட்டு முடித்ததும் மார்க் ரோமானெக் இயக்கிய வீடியோவைப் பார்.

டென்னசியில் கேஷின் வீடும், அவர் பெயரில் இருந்த அருங்காட்சியகமும் வருகின்றன. அருங்காட்சியகம் மூடிக்கிடந்து பாழடைந்திருந்தது. ரோமானெக் அதற்குப் பூச்சுப் பூசவில்லை. கேஷின் நடுங்கும் கையையும் மறைக்கவில்லை. நடுநடுவே கேஷின் இளமைக்காலப் படச்சுருள்கள். படியில் நின்று கணவரையே பார்க்கிறார் மனைவி ஜூன் கார்ட்டர். பாட்டில் மனைவி இல்லை, அருங்காட்சியகம் இல்லை, முதுமையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஆனாலும் ஒவ்வொரு வரியும் அந்த முகத்துக்கென்றே எழுதியதாகிவிடுகிறது.

கடைசிப் பகுதியை மறுபடி மறுபடி பார். பியானோவில் ஒரே சுரம் விடாமல் ஒலித்து உரத்துக்கொண்டே போகும். காட்சிகளும் அதோடு வேகமெடுக்கும். பாட்டு நின்றபின் கேஷ் பியானோவை மூடி, அந்த மூடியை மெல்லத் தடவுகிறார். எனக்கு அங்கேதான் பாட்டு முடிகிறது.

கேஷ் பாடியதை வெறுமனே கேட்டபோது ரெஸ்னருக்கு ஒட்டவில்லை. வீடியோவைப் பார்த்தபின்தான் கலங்கினார். இனி அது தன் பாட்டே இல்லை என்றார். 2003 மே மாதம் ஜூன் கார்ட்டர் இறந்தார், செப்டம்பரில் கேஷ்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒட்டிக்கொண்ட முகம் பிறகு பாட்டைவிட்டு இறங்காது. கேட்பவர் தாமாக நினைத்து வைத்திருந்த முகம் அழிந்துபோகும். அதனால் எதைக் காட்டுகிறோம் என்பதில் பயம் வேண்டும்.

உன் தோழியின் அம்மா மாவரைக்கும்போது இந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்றாயே, அதைப் போய் எடு. மழைக் காட்சிகளில் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவதை மட்டும் வைத்துக்கொள். அது தாளத்தோடு சேர்ந்துவிட்டது. எடிட் முடிந்ததும் அனுப்பு. முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா