ஒரு வெட்டு, இரண்டு உயிர்!

மெக்கானிக்கல் படிக்கிற பையன் ஆண்டு மலரில் பூவைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். கடல் சாமந்தி பூவும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் போன்ற நீட்சிகளை விரித்துக்கொண்டு, அருகில் வரும் சின்ன உயிர்களைக் கொட்டிப் பிடித்துத் தின்கிற விலங்கு. இதயம் கிடையாது, மூளை கிடையாது, எலும்பு கிடையாது. உடம்பு முழுக்கத் தண்ணீரை நிரப்பி, அந்த அழுத்தத்திலேயே நிமிர்ந்து நிற்கும். நம் பாஷையில் சொன்னால் அது ஒரு ஹைட்ராலிக் மெஷின்! தின்பதற்கும் கழிவதற்கும் ஒரே வாய்தான்.

இதைக் கத்தியால் இரண்டாக வெட்டினால் இரண்டு சாமந்தி ஆகும். நான் வெட்டியிருக்கிறேன். ஒரு முறை தோற்றேன், ஒரு முறை ஜெயித்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

வெட்டிப் பார்ப்பது புது விஷயமும் அல்ல. 1740-களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவர் ஹாலந்து நாட்டில் ஹைட்ரா என்னும் நன்னீர் உயிரியைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டும் முழு உயிராவதைக் கண்டு உலகத்தையே வியக்க வைத்தார். 1770-களில் பிரான்ஸில் டிக்மார் என்ற பாதிரியார் கடல் சாமந்தியையே வெட்டிப் பார்த்து எழுதினார். ஸ்காட்லாந்தில் இன்னொரு கதை. சர் ஜான் டேலியல் 1828-ல் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து வந்து ஜாடியில் வளர்த்தார். அவர் 1851-ல் இறந்துவிட்டார். சாமந்தி இறக்கவில்லை! கை மாறி, கை மாறி 1887 வரை வாழ்ந்தது. நூற்றுக்கணக்கில் குட்டி போட்டதால் அதற்குப் ‘பாட்டி’ என்றே பெயர். எடுத்தவர் போய் முப்பத்தாறு வருஷம் கழித்தும் உயிரோடிருந்த பிராணி! இதைப் படித்த பிறகு, கடலிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து எடுப்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குள் எதையும் எடுக்கக் கூடாது. தொட்டியில் இருப்பதையே பெருக்கினால் கடலில் கை வைக்க வேண்டிய தேவை குறையும்.

இனி என் கதை. தூத்துக்குடியில் ஒரு அண்ணாச்சி வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்ணாடி துடைத்து, தண்ணீர் மாற்றுவது என் வேலை. என் பஸ் செலவும் பரீட்சை பீஸும் அதில்தான் ஓடுகிறது. தொட்டியில் இரண்டு கோமாளி மீன், ஒரு ‘பபிள் டிப்’ சாமந்தி. விரல் நுனியில் குமிழ் குமிழாக இருக்கும். விஞ்ஞானப் பெயர் எண்டக்மேயா குவாட்ரிகலர். கோமாளி மீனுக்கு வீடு கொடுக்கும் சாமந்திகள் உலகத்தில் பத்து வகைதான். அதில் இது ஒன்று. ஆழம் குறைந்த இடத்தில் இது தானாகவே இரண்டாகப் பிளந்து கூட்டம் கூட்டமாகப் பெருகும். அதனால்தான் இதை வெட்டலாம் என்கிறார்கள். கம்பளம் போல விரியும் பெரிய சாமந்திகளை வெட்டவே வேண்டாம். பெரும்பாலும் செத்துப்போகும்.

அண்ணாச்சி சென்னையிலிருந்து ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது அது. அம்மா உப்பளத்தில் பத்து நாள் தலைச்சுமை சுமந்தாலும் வராத பணம். “வெட்டட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டபோது, “படிக்கிற பையன், செஞ்சு பாரு” என்றார். போன வருஷம் அக்டோபரில் செய்தேன். அடுப்படிக் கத்தி. பட்டறையில் ஹேக்சா இழுத்துப் பழகிய கை, முன்னும் பின்னுமாக இழுத்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பாதி பழுப்புக் கூழாகி, அழுகின முட்டை நாற்றம். தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிட்டது. மீன்களை வாளிக்கு மாற்றி, ராத்திரியோடு ராத்திரியாக நூறு லிட்டர் மாற்றினேன். மற்ற பாதி கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கி ஒரு மூலையில் கிடந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. “விடு தம்பி” என்றார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் சொன்னேன். அப்பாவும் உப்பளத் தொழிலாளிதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தண்ணி எத்தன டிகிரி?”

“1.025 இருக்குப்பா, சரியாத்தான் இருக்கு” என்றேன். அவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. மறுநாள் தன் டிகிரிக் குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னோடு சைக்கிளில் வந்தார். அண்ணாச்சி வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரத் தயங்கினார். நான் ஒரு ஜாடியில் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். குழாயை மிதக்கவிட்டார். நாலைத் தாண்டி நாலரையைத் தொட்டது.

“கடத்தண்ணி மூணு, மூணரைதாம்ல. இது பாத்தியில காயப்போட்ட தண்ணி. வத்துன தண்ணிக்கு எதை ஊத்துன?”

“கடல் தண்ணிதாம்பா.”

“தண்ணிதான வத்தும், உப்பு எங்க வத்தும்?”

நண்பர்களே, இதுதான் விஷயம்! சூடு குறைய தொட்டி மேலே மின்விசிறி ஓடுகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்குகிறது. நான் குறைந்த அளவுக்கு மறுபடி கடல்நீரையே ஊற்றி, வீட்டுக்குள் ஒரு உப்பளம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவின் குழாய் போமே அளவு. அதை ஒப்படர்த்தியாக மாற்ற 145-ஐ, 145-லிருந்து டிகிரியைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். மூன்றரை டிகிரி என்றால் 1.0247. அது சரியான கடல்நீர். நாலரை என்றால் 1.032! அப்படியானால் தொட்டியிலிருந்த மீட்டர் ஏன் 1.025 காட்டியது? அது முள் ஆடுகிற பிளாஸ்டிக் மீட்டர். முள்ளில் உப்பு படிந்து கனமாகிவிட்டால் குறைத்துத்தான் காட்டும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவியதும் அதுவும் உண்மையைச் சொல்லிவிட்டது.

உப்பை ஒரே நாளில் குறைத்தாலும் ஆபத்துதான். தினமும் காலேஜ் விட்டதும் போய் மூன்று, மூன்றரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு சுத்தமான நல்ல தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் ஆனது. பாக்கு அளவு பாதி மெல்ல விரிந்தது. குமிழ் வந்தது. ஏழெட்டு மாதத்தில் சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகே மறுபடி பிளேடை எடுத்தேன்.

செய்முறை இதுதான். பாறை நல்ல நிறத்தில், விரிந்து, ஒட்டிப்பிடித்து, கொடுத்ததைத் தின்கிற சாமந்தியாக இருக்க வேண்டும். வெளுத்துப் போனதைத் தொடாதீர்கள். அதன் உடம்புக்குள் இருக்கும் ஒற்றைச் செல் பாசிதான் வெயிலில் சமைத்துப் போடுகிறது. வெளுத்தது என்றால் அந்தச் சமையல்காரன் ஓடிவிட்டான் என்று அர்த்தம். கையுறை கட்டாயம், கண்ணில் கை படக் கூடாது. பாதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் விட்டுவிடும். தொட்டித் தண்ணீரில் நனைத்த வழவழப்பான பிளாஸ்டிக் பலகையில் வைத்து, வாயின் நடுவைக் குறிபார்த்து, புது பிளேடால் மேலிருந்து பாதம் வரை ஒரே அழுத்து. இழுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. இரண்டு பாதிக்கும் வாயிலும் பங்கு, பாதத்திலும் பங்கு கிடைக்க வேண்டும். முதல் முறை நான் வெட்டியதில் ஒரு பாதிக்கு வாயே இல்லை.

வெட்டிய கையோடு தொட்டிக்குள். சுற்றி வலை கட்டிய கூடையில், நீரோட்டம் மெதுவான மூலையில் வைத்தேன். பம்பு வாயில் பஞ்சு கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் அலைகிற சாமந்தியை உறிஞ்சி அரைத்துவிடும். ஒவ்வொரு பாதியும் வெட்டு வாயை உள்பக்கமாகச் சுருட்டி மூடிக்கொண்டது. நாலைந்து நாளில் ஒட்டிவிட்டது. தினமும் முகர்ந்து பார்க்க வேண்டும். நாற்றம் வந்த துண்டை அந்த நிமிஷமே வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரம் தீனி கிடையாது.

“வெட்டும்போது அதுக்கு வலிக்காதாடா?” என்று அம்மா கேட்டாள். மூளை இல்லைம்மா, வலை மாதிரி நரம்பு மட்டும்தான் என்று சொன்னேன். “பின்ன ஏன் சுருங்குது?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் விற்பதற்காக மாதாமாதம் வெட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, நன்றாகத் தேறிய பிறகு வெட்டினால் போதும் என்பது என் கட்சி.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. பெரிய பாதியில் கோமாளி மீன்கள் குடியேறிவிட்டன. சின்னதை அண்ணாச்சி “இது உன்னோடது” என்று சொல்லிவிட்டார். வீட்டில் தொட்டி வைக்க இடம் இல்லாததால் அங்கேயேதான் இருக்கிறது. அதன் வாய் இன்னும் கொஞ்சம் கோணல். போன ஞாயிறு மிளகு அளவு இறால் துண்டு ஒன்றை விரல்களில் வைத்தேன். அஞ்சு நிமிஷம் அசையாமல் வைத்திருந்துவிட்டு, மெல்ல மடக்கி விழுங்கிவிட்டது.