அளவறிந்து செலுத்தும் கதிர்

நுழையும்முன்

நோயைக் காட்டும் கதிரே உடலுக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்றால், அதனை எந்த அளவில் பயன்படுத்துவது? இதயத்திற்கான சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைத்த வழிமுறைகளை விளக்குகிறது இப்பாடம்.

துடிக்கும் உறுப்பு

எக்ஸ் கதிர்களை உடலைச் சுற்றிலும் செலுத்தி, கணினியின் துணையால் குறுக்குவெட்டுப் படங்களை உருவாக்குவது சி.டி. ஸ்கேன். இதயத் தமனிகளில் உள்ள அடைப்பை அறிய இது பெரிதும் உதவுகிறது. ஆனால், இதயம் ஓயாது துடிப்பதால் தெளிவான படம் பெறுவது கடினம். முன்னாளில் துடிப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை கதிரைச் செலுத்தி, தெளிவான படங்களை மட்டும் தேர்ந்துகொண்டனர். ஒதுக்கப்பட்ட படங்களுக்கான கதிர்வீச்சையும் நோயாளியின் உடலே ஏற்றது. இதயத்தைச் சூழ்ந்துள்ள நுரையீரலும் மார்பகத் திசுக்களும் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுபவை. கதிர்வீச்சு மிகுந்தால் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் சற்று மிகும்.

2007இல் பல நாடுகளைச் சேர்ந்த 50 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு ஸ்கேனின் இடைநிலைக் கதிர்வீச்சு அளவு 12 மில்லிசீவர்ட் என அது காட்டியது. இயற்கையிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரியோ 2.4 மில்லிசீவர்ட். ஐந்தாண்டுகளில் பெறும் அளவைச் சில நொடிகளில் உடல் பெற்றது.

குறைக்கும் வழிகள்

முதலாவது, துடிப்பைத் தணித்தல். பீட்டா தடுப்பு மருந்தால் துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 ஆகும்போது இதயம் தளர்ந்திருக்கும் நேரம் நீள்கிறது. இரண்டாவது, காலம் அறிதல். இ.சி.ஜி. காட்டும் அத்தளர்ச்சி நேரத்தில் மட்டும் கதிர் செலுத்தப்படுகிறது. மூன்றாவது, மின்னழுத்தத்தைக் குறைத்தல். மெலிந்த உடலினருக்கு 120 கிலோவோல்ட்டுக்கு மாற்றாக 100 கிலோவோல்ட் போதும். இதனால் கதிர்வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நான்காவது, எல்லை வகுத்தல். இதயம் உள்ள பகுதியை மட்டுமே படமெடுக்க வேண்டும். குறைந்த கதிரால் படத்தில் தோன்றும் புள்ளிகளைக் கணினி நீக்குகிறது.

கருவியும் கருத்தும்

2017இல் மீண்டும் நடந்த பன்னாட்டு ஆய்வில் கதிர்வீச்சு 78 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும், மருத்துவமனைகளுக்கிடையே பெரும் வேறுபாடு நீடித்தது. வழிகள் அறியப்பட்டிருந்தும் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கைக்கொள்ளப்படவில்லை என்பதே இதன் பொருள்.

அளவை மிகக் குறைத்தாலும் படம் தெளிவிழக்கும். ஸ்கேனை மீண்டும் எடுக்க நேரும். அஞ்சித் தேவையான ஸ்கேனைத் தவிர்த்தால் நோய் மறைந்தே வளரும். எனவே, நோயறியப் போதுமான மிகக் குறைந்த அளவே சரியான அளவு. அதனைக் கருவி தானே முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு நோயாளியின் உடலையும் துடிப்பையும் கருதி மனிதரே முடிவு செய்கின்றனர்.

கற்பவை கற்றபின்

'கருவி வளர்ந்தால் மட்டும் போதாது. அதனைக் கையாள்வோரின் பொறுப்பும் வளர வேண்டும்' – இக்கருத்தைப் பாடச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.