ஸோபியா ஸ்மித் அம்மையாரும் எதிர்பாராத ஆஸ்தியும்

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது நம் நாட்டுப் பழமொழி. திடீரெனப் பொருள் பெற்றோன் கொள்ளும் செருக்கை அது நன்கு எடுத்துக்காட்டுகின்றது. ஆயின், எதிர்பாராது வந்த செல்வம் எல்லோரையும் செருக்குறச் செய்வதில்லை. சிலரை அஞ்சி நடுங்கச் செய்வதும் உண்டு. இப்பெரும் பாரத்தை யாது செய்வேன் என்று ஏங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹாட்பீல்டு என்னும் சிற்றூர் உளது. அங்கே 1796-ஆம் ஆண்டில் ஸோபியா ஸ்மித் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டு ஆண்மக்களுக்குக் கலாசாலைகள் பல இருந்தன. பெண்மக்களுக்கோ ஒன்றேனும் இல்லை. ஆகவே, சிறிது காலம் பள்ளி சென்றதோடு ஸோபியாவின் கல்வி முடிவுற்றது. அவர் மணம் புரிந்துகொள்ளாமல் உடன்பிறந்தாரோடு வாழ்ந்துவந்தார். நாற்பது வயதளவில் அவருக்குச் செவிப்புலனும் குன்றிற்று. பிறரோடு கலந்து பேசி மகிழும் வாய்ப்பு அதனால் பெரிதும் குறைந்தது.

அவருடைய குடும்பத்தார் சிக்கனத்திற்குப் பேர்போனவர்கள். அவருள் ஆஸ்டின் என்னும் சகோதரர் பொருளைப் பெருக்குவதில் வல்லவர். 1861-ஆம் ஆண்டில் அவர் இறக்கவே, அவர் சேர்த்துவைத்த பெருஞ்செல்வம் ஸோபியா அம்மையாரை வந்தடைந்தது. அப்பொழுது அம்மையாருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. உடன்பிறந்தார் அனைவரும் மறைந்துவிட்டனர். தமக்குப் பின் அப்பொருளைப் பெறுவதற்கு மக்களும் இலர். செல்வமும் தனிமையும் ஒரே காலத்தில் ஒருவரைச் சூழ்ந்த நிலை இது. இந்நிலையில் அவர் மேற்கொண்ட நெறியில் நாம் கற்கத்தக்கன மூன்று.

முதலாவது, அவர் ஆலோசனை நாடினார். அவ்வூர்ப் போதகராயிருந்த ஜான் கிரீன் என்னும் இளைஞரிடம் சென்று, தம் பொருளை எவ்வாறு பயன்படுத்தலாம் என வினவினார். ஆம்ஹெர்ஸ்டுக் கலாசாலைக்கும் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விச்சாலைக்கும் அளிக்கலாம் என்பது போதகர் முதலிற் கூறிய யோசனை. முன்னது போதகர் தாமே பயின்ற இடம். அம்மையாரோ அதற்கு இசைந்தாரில்லை. ஆலோசனை கேட்பது வேறு, பிறர் சொல்லியதையே செய்துவிடுவது வேறு. மறுத்த பின்னும் அவர் அப்போதகரைக் கைவிடவில்லை. போதகரும் மனம் சலிக்கவில்லை. இருவரும் ஆண்டுக்கணக்கில் அதனைப் பற்றி ஆராய்ந்துவந்தனர்.

இரண்டாவது, அவர் பொறுத்திருந்தார். காலத்திற்கேற்பத் தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ளவும் தயங்கவில்லை. பெண்களுக்கு ஒரு கலாசாலை நிறுவுதல், செவிடரும் ஊமையருமானோர்க்கு ஒரு கல்விச்சாலை நிறுவுதல் என்னும் இரண்டு யோசனைகளைப் போதகர் பின்னர் அவர்முன் வைத்தார். செவிப்புலன் இழந்த துன்பத்தைத் தாமே அறிந்தவராதலின், அம்மையாரின் உள்ளம் பின்னதையே பற்றிற்று. ஆனால் 1867-ஆம் ஆண்டில், அருகிலுள்ள நார்தாம்ப்டன் நகரில், ஜான் கிளார்க் என்னும் செல்வரின் கொடையால் செவிடர்க்குரிய பள்ளி ஒன்று தோன்றிவிட்டது. தாம் எண்ணியதைப் பிறரொருவர் செய்துவிட்டாரே என்று அம்மையார் போட்டிக்கு நிற்கவில்லை. அக்குறையைத் தீர்க்க ஒருவர் முன்வந்தபின், மற்றக் குறையின்மேல் தம் கருத்தைச் செலுத்தினார். இளமையில் தமக்குக் கிட்டாத உயர்தரக் கல்வியை இனி வரும் பெண்களுக்குக் கிட்டச் செய்வதே அது.

மூன்றாவது, தம் விருப்பத்தைத் தெளிவாக எழுதிவைத்தார். அவருடைய தந்தையின் சகோதரரான ஆலிவர் ஸ்மித் என்பவர் 1845-இல் இறந்தபொழுது, ஏழைப் பிள்ளைகளுக்கும் மணமகளிர்க்கும் கைம்பெண்களுக்கும் உதவுமாறு தம் பொருளின் பெரும்பகுதியை எழுதிவைத்திருந்தார். உறவினர் அதை எதிர்த்தனர். சாட்சிக் கையெழுத்திட்டவருள் ஒருவர் சித்த சுவாதீனம் உடையவரல்லர் என்று வழக்காடினர். 1847-இல் நியாயஸ்தலம் அம்மரண சாசனத்தை உறுதிப்படுத்திற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, அதைக் காக்கும் எழுத்தும் வேண்டும் என்பதற்குத் தம் குடும்பத்திலேயே அம்மையார் சான்று கண்டிருந்தார். எனவே 1870-இல் எழுதிய தம் இறுதிச் சாசனத்தில் நோக்கத்தையும், அதை நடத்த வேண்டிய தர்மகர்த்தர்களையும் ஐயத்திற்கு இடமின்றிக் குறிப்பிட்டார். ஆண்களுக்குக் கலாசாலைகளில் அளிக்கப்படும் கல்விக்குச் சமமான கல்வியைப் பெண்களுக்கு அளிக்க வேண்டும் என்பதே அச்சாசனத்தின் சாரம். கலாசாலை தம் சொந்த ஊரிலேயே அமைய வேண்டும் என்று முதலில் விரும்பியவர், நார்தாம்ப்டன் நகரமே தக்க இடம் என எடுத்துரைக்கப்பட்டபோது அவ்விருப்பத்தையும் விட்டுக்கொடுத்தார்.

இவ்வளவும் செய்தவர் துறவி போல் வாழ்ந்தார் என்று எண்ணற்க. தம் ஊரிலே புதியதொரு பெரிய வீடு கட்டிக்கொண்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தமக்கு இவ்வளவு, பிறர்க்கு இவ்வளவு என்று அளந்தறிந்தமையே அவருடைய சிறப்பு.

1870-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மையார் காலமானார். கலாசாலைக்கென அவர் விட்டுச்சென்ற பொருள் 4 இலட்சம் டாலருக்குச் சற்றே குறைந்தது. 1875-இல் ஸ்மித் கலாசாலை 14 மாணவிகளோடு திறக்கப்பெற்றது. அவருள் ஒருவரையேனும் அம்மையார் கண்டதில்லை. ஆயினும் அக்கலாசாலை இன்றளவும் நிலைபெற்று நடந்துவருகின்றது.

நம்மில் பெரும்பாலோர்க்கு இத்தகைய ஆஸ்தி வரப்போவதில்லை. ஆகவே இவ்வரலாறு நமக்குரியதன்று என்று மாணவ நண்பர்கள் எண்ணிவிடலாகாது. நாம் அமர்ந்து பயிலும் மண்டபத்தையும் எடுத்து வாசிக்கும் நூல்களையும் நாம் ஈட்டினோமா? முகமறியாத பலர் கொடுத்த பொருளால் எழுந்தவை அவை. எனவே, நாமும் எதிர்பாராத ஆஸ்திக்கு உரிமை பெற்றோரே ஆவோம். பெற்றதைக் குறித்து அறிந்தோரை வினவி, பொறுத்து ஆராய்ந்து, தமக்குக் கிட்டாததைப் பிறர்க்குக் கிட்டச் செய்தார் அம்மையார். நாமோ நமக்குக் கிட்டியதையே பிறர்க்கும் கிட்டச் செய்ய வேண்டியவர்கள். நம் கடன் அவர் ஏற்ற கடனினும் எளியதன்றோ?