உச்சியில் தொடங்கிய வீழ்ச்சி: குர்துபா தரும் பாடம்

முன்னுரை

இன்றைய மாணவர்கள் விரும்பி ஆடும் கற்பனைக் கணினி விளையாட்டுகள் பலவற்றின் பின்னணிக் கதையில், முன்னொரு காலத்தில் அறிவாலும் ஆற்றலாலும் ஓங்கி நின்று பின்னர் அழிந்துபோன நாகரிகம் ஒன்று இடம்பெறுகிறது. அதன் இடிபாடுகளுக்கிடையே நடக்கும் வீரன், ‘இத்துணைச் சிறப்புடையோர் ஏன் வீழ்ந்தனர்?’ என வினவுகிறான். ஒரு சாபமோ, பேரழிவோ, பகைவர் படையெடுப்போ விடையாகக் கிடைக்கிறது. வரலாறு தரும் விடையோ அத்துணை எளிதன்று. ஸ்பெயின் நாட்டுக் குர்துபா (கார்டோவா) நகரின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓங்கிய நிலை

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயினில் கால்பதித்தார். 756இல் முதலாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவில் உமையா அரசை நிறுவினார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தம்மைக் கலீஃபா என அறிவித்தார். நகருக்கு மேற்கே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரையும் எழுப்பினார்.

அவருடைய மைந்தர் இரண்டாம் ஹகம் (961–976) பெரும் நூற்காதலர். அவரது நூலகத்தில் 4 இலட்சம் நூல்கள் இருந்தன எனப் பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். இத்தொகை மிகைப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். எனினும் அந்நூலகத்தின் பெருமையை அது உணர்த்தும். அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி வாழ்ந்ததும் இக்காலத்தேயாம்.

விரிசல் விழுந்த இடம்

976இல் ஹகம் மறைந்தபோது அவருடைய மகன் ஹிஷாம் பத்துப் பதினொரு வயதுச் சிறுவன். கலீஃபா என்னும் பெயர் அவரிடம் இருக்க, அதிகாரம் முழுவதும் அமைச்சர் மன்சூரின் கைக்குச் சென்றது. மன்சூர் திறமையற்றவர் அல்லர். ஐம்பதுக்கும் மேற்பட்ட படையெடுப்புகளை நடத்தியவர். 997இல் வடமேற்கே சாந்தியாகோ வரை சென்று வென்றவர். வெளிப்பார்வைக்கு அரசு முன்னெப்போதையும்விட வலிமையுடன் விளங்கியது.

எனினும் வீழ்ச்சியின் வித்து அக்காலத்திலேயே ஊன்றப்பட்டது. உள்நாட்டு மக்கள் ஆற்றிவந்த படைக்கடமைக்கு ஈடாகப் பணம் செலுத்தினால் போதும் என்றாயிற்று. அப்பணத்தைக் கொண்டு வட ஆப்பிரிக்க பெர்பர் வீரர்களும் வடபகுதிக் கிறித்தவ வீரர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். மக்களுக்குச் சுமை குறைந்தது. ஆனால் அரசைக் காப்பது தம் கடமை என்னும் உணர்வும் உடன் குறைந்தது. மார்க்க அறிஞர் சிலரின் ஆதரவைப் பெறும்பொருட்டு, ஹகமின் நூலகத்திலிருந்த தத்துவம், வானியல் முதலிய நூல்களை மன்சூர் அழிக்கச் செய்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவர் ஆணையால் திரண்ட நூல்கள் மற்றொருவர் ஆணையால் அழிந்தன.

மன்சூர் 1002இல் இறந்தார். அவருடைய இளைய மகன் தம்மையே அடுத்த கலீஃபாவாக அறிவிக்கச் செய்தபோது, 1009இல் குர்துபாவில் கிளர்ச்சி வெடித்தது. மன்சூர் கட்டிய அரண்மனை நகர் முப்பது ஆண்டளவிலேயே தரைமட்டமாயிற்று. அடுத்த ஆண்டில் மதீனத்துஸ் ஸஹ்ராவும் சூறையாடப்பட்டது. பதவிக்குப் போட்டியிட்ட இரு தரப்பினருமே வடபகுதிக் கிறித்தவப் படைகளைத் துணைக்கு அழைத்தனர். 1013இல் பெர்பர் வீரர்கள் குர்துபாவைக் கைப்பற்றிப் பாழாக்கினர். அவ்வாண்டில் நகரை நீங்கிய இளைஞர்களுள் ஒருவர், பின்னாளில் பேரறிஞராக விளங்கிய இப்னு ஹஸ்ம். 1031இல் நகரப் பெருமக்களே கிலாஃபத்தை ஒழித்தனர். குர்துபாவைக் காஸ்டில் மன்னர் கைப்பற்றியதோ 1236இல்தான். பகைவர் நகருக்குள் நுழைவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிலாஃபத் தன்னுள்ளேயே முடிந்துவிட்டது.

இப்னு கல்தூன் கூறும் காரணம்

இந்நிகழ்வுகளுக்கு விளக்கம் தருபவர் இப்னு கல்தூன் (1332–1406). தூனிஸில் பிறந்த இவருடைய முன்னோர் ஸ்பெயினின் இஷ்பீலியா (செவில்) நகரத்தவர். 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், ஓர் அரசைத் தோற்றுவிப்பது ‘அஸபிய்யா’ எனப்படும் கூட்டுணர்வே என்கிறார். செல்வமும் சொகுசும் பெருகப் பெருக அவ்வுணர்வு தளர்கிறது. ஆள்வோர் தம்மவரை விலக்கிக் கூலிப்படையை நாடுகின்றனர். செலவு மிகுந்து வரி உயர, வருவாயோ குறைகிறது என்பது அவர் கருத்து.

ஓர் அரசின் ஆயுள் பொதுவாக மூன்று தலைமுறை, அஃதாவது 120 ஆண்டுகள் என அவர் கணக்கிடுவது அப்படியே பொருந்துவதன்று. ஸ்பெயினில் உமையா ஆட்சி 275 ஆண்டுகள் நீடித்தது. ஆயினும் கூட்டுணர்வின் தளர்ச்சி பற்றி அவர் கூறுவது குர்துபாவுக்கு நன்கு பொருந்துகிறது.

அழியாது நின்றது

அரசு வீழ்ந்தது, அறிவு வீழவில்லை. அஸ்ஸஹ்ராவியின் மருத்துவ நூல் 12ஆம் நூற்றாண்டில் டொலீடோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் வழிகாட்டியது. கிலாஃபத் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1126இல், அதே குர்துபாவில் இப்னு ருஷ்து பிறந்தார். அரண்மனை நூலகம் சிதறிப்போயிற்று; ஆனால் ஆசிரியர் மாணவர்க்குச் சொன்னதும், மாணவர் படியெடுத்துக் கொண்டுசென்றதும் நிலைத்தன.

முடிவுரை

ஒருவர் கையில் குவிந்தது அவரோடு அழிந்தது. பலர் தோள்களில் சுமந்தது காலத்தைக் கடந்தது. இதுவே குர்துபா தரும் பாடம். கடமையைப் பணமாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் சமுதாயம், தன் வலிமை உச்சத்தில் இருக்கும்போதே உள்ளே தளரத் தொடங்குகிறது. கல்வி நிலையங்களுக்கும் இஃது ஒக்கும். நன்கொடை தருவதோடு கடமை தீர்ந்தது எனப் பெரியோர் கருதலாகாது; பாடம் நடத்துவதோடு தீர்ந்தது என ஆசிரியர் கருதலாகாது; தேர்வில் தேறுவதோடு தீர்ந்தது என மாணவர் கருதலாகாது. கற்றதை மற்றொருவருக்குக் கற்பிக்கும் ஒவ்வொருவரும் எவராலும் எரிக்கவியலாத ஒரு நூலகமாவர். அத்தகையோர் பெருகுவதே ஒரு சமுதாயத்திற்கு உறுதியான அரணாகும்.