சின்ன நாய்க்குப் பாதி ஊசி போதுமா?

நாய்களுக்கான தடுப்பூசி பெரும்பாலும் ஒரு மில்லி அளவில்தான் வருகிறது. இரண்டு கிலோ சிவாவாவுக்கும் அதே ஒரு மில்லி, நாற்பது கிலோ ராட்வைலருக்கும் அதே ஒரு மில்லி. குடற்புழு மருந்தைக்கூட எடை பார்த்து அளந்து கொடுக்கும் கால்நடை மருத்துவர், ஊசியை மட்டும் முழுசாக ஏற்றுவது சின்ன நாய் வளர்ப்பவர்களை உறுத்துகிறது. “இந்த உடம்பு தாங்காது, பாதி போட்டால் போதும்” என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மருந்து வேலை செய்யும் விதம் வேறு, தடுப்பூசி வேலை செய்யும் விதம் வேறு. மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவ வேண்டும். எடை கூடினால் அளவும் கூடும். தடுப்பூசிக்கு அந்தத் தேவை இல்லை. கிருமியின் அடையாளத்தை எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அதற்கென்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் உடம்பு கண்டுகொள்ளாமலே விட்டுவிடக்கூடும். டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்கள். உள்ளே போனபின் தாமே பெருகிக்கொள்பவை. அவற்றுக்கு எடைக் கணக்கு பார்ப்பதில் பொருளே இல்லை. அமெரிக்காவில் சின்ன நாய்களுக்குப் பாதி அளவு போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எதிர்ப்பாற்றல் குறையவில்லை என்று அது சொன்னது. ஆனால் அவை வளர்ந்த நாய்கள், ஏற்கெனவே முழு ஊசி பெற்றவை, எண்ணிக்கையும் மிகக் குறைவு. முதல் ஊசிக்குக் காத்திருக்கும் குட்டியைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், அளவைக் குறைப்பதை ஏற்பதில்லை. பாதி ஊசி போட்டுவிட்டு அட்டையில் முழு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வருவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது: நாய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று வீடே நம்பிவிடும்.

இருந்தாலும் வளர்ப்பவர்களின் பயம் முழுக்கக் கற்பனை அல்ல. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஊசி போட்ட 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளை அலசியது. ஊசி போட்ட மூன்று நாளுக்குள் பக்கவிளைவு கண்டவை பத்தாயிரத்துக்குச் சுமார் 38. எடை குறையக் குறைய அந்த விகிதம் ஏறியது. டாக்ஸ்ஹண்ட், பக், பாஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகியவை பட்டியலில் முன்னே நின்றன. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறொன்று. ஒரே நாளில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ஊசியும், பத்து கிலோவுக்குக் கீழான நாய்க்குப் பக்கவிளைவு அபாயத்தை 27 விழுக்காடு கூட்டியது. பெரிய நாய்களுக்கு அது 12 விழுக்காடுதான்.

ஆக, குறைக்க வேண்டியது மருந்தின் அளவை அல்ல, ஒரே வருகையில் ஏற்றும் ஊசிகளின் எண்ணிக்கையை. அலைச்சல் மிச்சம் என்று, பல கிருமிகளுக்குச் சேர்த்துப் போடும் செவன் இன் ஒன், ரேபிஸ், கென்னல் காஃப் மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிடும் வழக்கம் பெரிய நாய்க்குச் சரிப்படலாம்; பக்கோ சிவாவாவோ என்றால் இரண்டு, மூன்று வார இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஊசி போட்டதும் வண்டியை எடுக்காமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும் நல்லது. முகம் வீங்குவது, உடம்பில் தடிப்பு எழுவது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது போன்ற ஒவ்வாமைகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். உடனே கவனித்தால் அடங்கியும்விடும். ஒருநாள் சோர்ந்து கிடப்பதும், ஊசி குத்திய இடத்தில் சிறு கட்டி தென்படுவதும் இந்தக் கணக்கில் வராதவை. முன்பு ஒருமுறை முகம் வீங்கிய நாய் என்றால் அதை அட்டையிலேயே எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஊசி போடுபவர் வேறு மருத்துவராக இருக்கலாம்.

“எங்கள் நாய் மூன்றாவது மாடியை விட்டு இறங்குவதே இல்லை” என்பது அடுத்த வாதம். நாய் இறங்காது, செருப்பு இறங்கி ஏறும். 1978இல் திடீரென்று தலைகாட்டி, இரண்டே ஆண்டில் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கிறது. தரையைத் துடைக்கும் ஃபினாயிலுக்கு அது அசைவதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் மடியும். ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக நீர் வற்றி விழும்போது, ஒன்றரைக் கிலோ குட்டிக்கு இழப்பதற்கென்று உடம்பில் அதிகம் இருப்பதில்லை. தடுப்பூசிக்குத் தாங்காது என்று சொல்லப்படும் அதே உடம்புதான் நோய்க்கும் தாங்காமல் போகிறது.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸும் மாடி பார்ப்பதில்லை. எலி, பெருச்சாளியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் நோய் இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் தேங்கும் நீர் போதும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. ரேபிஸுக்கு கேட் கம்பி இடைவெளி போதும். வெளியே நிற்கும் தெருநாயின் மூக்கும் உள்ளே நிற்கும் சின்ன நாயின் மூக்கும் உரசிக்கொள்ளும் இடம் அது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இந்தியர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அறிகுறி தென்பட்டபின் இந்த நோய்க்கு மருந்து இல்லை. “பொம்மை மாதிரி நாய், இதுக்கா வெறி பிடிக்கும்” என்ற பேச்சு இந்த நாட்டில் செல்லுபடியாகாது.

குட்டியை விற்பவர் தரும் “ரெண்டு டோஸ் போட்டாச்சு” என்ற உறுதிமொழிதான் பெரும்பாலான வீடுகளில் தடுப்பூசிக் கணக்கின் தொடக்கம். எத்தனை டோஸ் என்பதைவிட எந்த வயதில் என்பதே கேள்வி. தாயின் சீம்பாலில் இருந்து குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்பொருள்கள் முதல் சில வாரங்கள் அதைக் காக்கின்றன; அதே எதிர்ப்பொருள்கள் தடுப்பூசி வைரஸையும் முடக்கிவிடுகின்றன. அவை எந்த வாரத்தில் தேய்ந்து மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்கூட. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரம் நிறைந்தபின் போடச் சொல்கிறார்கள். பத்து வாரத்துக்குள் மூன்று ஊசி முடித்த குட்டியைவிட, பதினாறாவது வாரத்தில் ஒன்று போட்டுக்கொண்ட குட்டிக்குப் பாதுகாப்பு உறுதி. அதற்குப் பிறகும் தப்பிய குட்டிகளைப் பிடிக்க, ஆறு மாத வயதில் இன்னொரு ஊசி என்பது உலகச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்தில். இந்தியா போல நோய் பரவியுள்ள இடங்களில் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரண்டாவது.

விற்பவர் தரும் அட்டையில் பார்க்க வேண்டியது ஸ்டிக்கரை. செவன் இன் ஒன் இரண்டு குப்பிகளாக வரும்: ஒன்றின் அடியில் வெள்ளை வில்லையாக உறைந்த உலர் மருந்து, மற்றொன்றில் கரைக்கும் திரவம். கலக்கிப் போட்டதும் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் அட்டைக்கு வரும். அதில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் கிறுக்கிய அட்டையைப் போடாத கணக்கிலேயே வைத்துக்கொள்வது பத்திரம். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து, விற்பவர் வீட்டு ஃபிரிட்ஜில் மின்வெட்டு நேரத்தில் எப்படி இருந்தது என்பதை எந்த அட்டையும் சொல்லாது.

எதிர்த் திசையிலும் ஒரு நம்பிக்கை உண்டு: ஆண்டுதோறும் எல்லா ஊசியையும் போட்டே ஆக வேண்டும். இதில் சந்தேகப்படுபவர் பக்கமே நியாயம் அதிகம். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி தரும் அடினோவைரஸ் ஆகிய மூன்றுக்கும் குட்டிப் பருவத்து ஊசிகள் சரியாக முடிந்திருந்தால், மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. லெப்டோவின் பாதுகாப்பு ஓராண்டுதான் நீடிக்கும். அதை ஆண்டுதோறும் போட வேண்டும். ரேபிஸ் மருந்தின் குறிப்பில் ஓராண்டு, மூன்றாண்டு என இரண்டு வகை உண்டு என்றாலும், இங்கே வழக்கம் ஆண்டுக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியின் நாய் உரிமத்துக்கும் ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும். செவன் இன் ஒன்னில் எல்லாம் ஒரே ஊசியாகக் கலந்து போடப்படுவதால்தான் வேண்டியதோடு வேண்டாததும் சேர்ந்து ஏறுகிறது. லெப்டோவைத் தனியாகப் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. சில கலவைகளில் இருக்கும் கொரோனா, நாயின் குடலைத் தாக்கும் வேறு வைரஸ். கோவிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, உலகச் சங்கம் அதைப் பரிந்துரைப்பதும் இல்லை.

இன்னொரு பயமும் உலவுகிறது: தடுப்பூசியால் நாய்க்கு ஆட்டிசம் வரலாம் என்று 2023இல் வெளியான அமெரிக்கக் கருத்தாய்வில் 37 விழுக்காட்டினர் நினைத்தார்கள். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

ரேபிஸ் ஊசி போட்ட நாய் கடித்தால் மனிதருக்கு ஊசி வேண்டாம் என்பது, சின்ன நாய் வீடுகளில் ஊறிப்போன நினைப்பு. பல்லின் கீறல் சின்னதாக இருப்பதும், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயமும் அதற்குத் துணை. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இந்தியா இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டது. இப்போது போடுவது கையில் நான்கைந்து ஊசிகள். நாய்க்குப் போட்ட ஊசி வேலை செய்ததா என்பதை அட்டையைப் பார்த்து உறுதி சொல்ல முடியாது. அதனால் தோல் கிழிந்த கடியை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், மிச்ச ஊசிகளை நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.